காடி

இங்கே காரைக் காடி என்கிறார்கள்.
கோவில்பட்டிப் பக்கம் காடி என்றால்
மாட்டுக்கு ஊற்றும் புளித்த கழுநீர்.
வந்த வாரம், எடைமேடைத் தவமலர்
"உங்களுக்குக் காடி இருக்கா?" என்று கேட்டதற்கு
"மாடே இல்லையே" என்றேன்.
இன்னும் சிரிக்கிறாள்.

பகாவ் டவுனிலிருந்து மில் குவார்ட்டர்ஸ்
பதினேழு கிலோமீட்டர் செம்மண்.
போன டிசம்பரில் பாலத்தின் மேல் தண்ணீர்.
கம்பெனி வேன் இக்கரையில் நின்றது,
நிறைமதி அக்கரையில், பள்ளிக்கூடத்தில்,
காவலாளியின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு
இரவு ஒன்பது வரை.

உயரமாக ஒரு வண்டி வேண்டும்.
விலை மட்டும் தாழ்வாக.

சேந்தன் கணினியில் கட்டம் போட்டான்.
ஒன்பது வண்டி, பதினான்கு பத்தி:
தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்,
லிட்டருக்கு எவ்வளவு தூரம்,
கியர்பாக்ஸ் எந்த வயதில் முனகும்,
விற்றால் என்ன தேறும்.
சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் வேறு.
திருவிழாத் தோரணம் போல இருந்தது.

வங்கியில் ஒன்பது வருடக் கடன் என்றார்கள்.
என் பெர்மிட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு
இரண்டு வருடம்தானே என்றார்கள்.
அப்புறம் குளிர்ந்த மைலோ கொடுத்தார்கள்.
குடித்துவிட்டு வந்தோம்.

லிம் தவுக்கே கொட்டகையில்
வெள்ளை வெளேரென்று ஒன்று.
ஐந்தே வயது, பாதி விலை.
மெக்கானிக் பூபாலன் குனிந்தார், தட்டினார்,
எஞ்சினுக்குக் காது கொடுத்தார்:
"நல்லாத்தான் இருக்குலா."
சேந்தனின் கட்டத்தில் எல்லாமே பச்சை.

உள்ளே மூன்று வாசனை அட்டை தொங்கியது,
மூன்றும் பாண்டான்.
ஒரு வண்டிக்கு எதற்கு மூன்று?

நான் ஆய்வுக்கூடத்துக்காரி.
செம்பனை எண்ணெயில் புளிப்பு எத்தனை சதவீதம்
என்று சொட்டுச் சொட்டாக எண்ணுவது என் சம்பளம்.
இரண்டு நாள் லாரியில் கிடந்த குலையை
பைப்பெட் எடுக்கும் முன்பே
மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

பாண்டானுக்குப் பின்னால் அது இருந்தது.

பின் இருக்கைக்குப் போய்
பெல்ட்டை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன்.
யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை.
கடைசி ஒரு சாணில்
காப்பி நிறத்தில் ஒரு கோடு:
ஏதோ ஓர் ஆறு
இதுவரை வந்தேன் என்று
கையெழுத்துப் போட்டிருந்தது.

பூபாலன் தன் செருப்பைப் பார்த்தார்.
சேந்தன் போனை அணைத்தான்.
லிம்முக்குத் தமிழ் நன்றாக வரும்,
தோட்டத்தில் சாமான் கடை வைத்திருந்தவர்.
"தவுக்கே, இது காடிதான்" என்றேன்.
"ஆமா ஆமா, நல்ல காடி" என்றார் முகம் மலர.

வீட்டுக்கு வரும்வரை
நானும் சேந்தனும் பேசவில்லை.
ரவுண்டானாவைத் தாண்டியதும்
வேனுக்குள் வெடித்துச் சிரித்தோம்.

கடைசியில் வாங்கியது
பதினான்கு வயது ஹோண்டா.
மண் நிறம், இடது கதவில் நசுங்கல்.
பணி ஓய்வு பெற்ற ஆசிரியை புவான் ஹஸ்னாவுடையது.
ஆயில் மாற்றிய ரசீது ஒவ்வொன்றும்
தேதி வரிசையில் ஸ்டேப்ளர் அடித்து
பழைய வினாத்தாள் கோப்பில்.
சாமானெல்லாம் மீன் மார்க்கெட் பக்கத்திலேயே கிடைக்கும்
என்று பூபாலன் சத்தியம் செய்தார்.
இருபத்தெட்டாயிரம் வெள்ளி, ரொக்கம்,
நகை ஒன்று போனது.
ஐந்து பெல்ட்டையும் முனைவரை இழுத்துப் பார்த்தேன்.
ஹஸ்னா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"நீங்களும் டீச்சரா?" என்று கேட்டார்.

இப்போது மழை வந்தால்
பாலத்துக்கு இப்பால் நிறுத்தி
மஞ்சள் அளவுகோலைப் பார்க்கிறேன்.
உயரமான வண்டிதான்,
ஆனாலும் ஆற்றோடு பந்தயம் வைப்பதில்லை.

பெர்மிட் முடிகிற அன்று
இதை யாரோ ஒருவர் சுற்றிச் சுற்றி வருவார்.
பெல்ட்டை முழுதாக இழுக்கட்டும், சுத்தம்.
மோந்து பார்க்கட்டும்:
என் சட்டையிலிருந்து இறங்கிய மில் ஆவி,
நிறைமதி ஒளித்துத் தின்ற டுரியான்.
அதற்காக விலையில்
கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.